தோளுக்குத் தெரியாத எடை

நீங்கள் தட்டிக்கொண்டிருக்கிற லேப்டாப் மேசையை விட்டு நகராத வரைக்கும் நல்ல லேப்டாப்தான், மேடம். நாளைக்கே உங்களை நாலு ஊருக்கு அலையச் சொன்னால் அப்போது தெரியும் அதன் லட்சணம். பெட்டியில் ஒரு எடையைப் போட்டிருப்பான். சார்ஜரை அதில் சேர்த்திருக்க மாட்டான். லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் ஏமாறுகிற முதல் இடமே அதுதான். சார்ஜரை யார் சுமப்பது, கடைக்காரனா?

தொழில் அப்படி, அதனால் வாய் சும்மா இருக்காது. ஒரு பெரிய அலுவலகத்தில் ஊழியர்களுக்கு லேப்டாப் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறவன் நான். உட்கார்ந்த இடத்தில் வேலை பார்க்கிறவருக்கு ஒன்று, பெட்டியும் கையுமாக ஓடுகிறவருக்கு ஒன்று என்று ஆளைப் பார்த்து வாங்குவேன். கடைக்குப் போகும்போது வீட்டுச் சமையலறைத் தராசைக் கையோடு கொண்டுபோவேன். கடையில் இருப்பவர்கள் என் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். மூடியின் ஓரத்தை ஒற்றை விரலால் தூக்கிப் பார்ப்பேன். அடிப்பாகமும் கூடவே எழுந்து வந்தால் அந்த மாடல் வேண்டாம் என்று வைத்துவிடுவேன். என்னிடம் வாங்கிக்கொண்டு போனவர்கள் இதுவரை ஒரு குறை சொன்னதில்லை.

என் மைத்துனி, அதாவது என் மனைவியின் தங்கை, போலீசில் கொடுத்த புகாரைப் படித்துக் காட்டினீர்கள். அதில் நான் அவள் அக்காவைக் கவனிக்கவே இல்லை என்று ஒரு வரி இருக்கிறது. மற்றதை எல்லாம் கூடப் பொறுத்துக்கொள்வேன், அந்த ஒரு வரியை என்னால் பொறுக்க முடியவில்லை. வக்கீல் வாயைத் திறக்காதே என்றுதான் சொன்னார். ஆனால் கவனிக்கவில்லை என்று எவளோ எழுதிக்கொடுக்க, நான் கைகட்டி உட்கார்ந்திருக்க வேண்டுமா? என்னைப்போல் பெண்டாட்டியைக் கவனித்தவன் யாராவது இருந்தால் கொண்டுவந்து நிறுத்துங்கள்.

என் மனைவிக்கு ஊர் ஊராகப் போகிற வேலை. ஆஸ்பத்திரிகளில் ரத்தம் பரிசோதிக்கிற இயந்திரத்தை நிறுவி, அங்கே இருப்பவர்களுக்கு அதை ஓட்டச் சொல்லிக் கொடுப்பாள். லேப்டாப்பைச் செருகினால்தான் இயந்திரம் கண்ணைத் திறக்கும். அது இல்லாமல் போய் நின்றால் கை வீசிக்கொண்டு போன மாதிரிதான். வேலையில் கெட்டிக்காரி. கெட்டிக்காரியாக இருந்தாள் என்று சொல்ல வேண்டும், எனக்கு இன்னும் வாய் பழகவில்லை.

பழைய லேப்டாப் செங்கல் மாதிரி இருக்கும். பயணம் முடிந்து வந்தால் வலது தோளில் பையின் பட்டை அழுத்திய தடம் சிவந்து கிடக்கும். நான்தான் தைலம் தேய்த்துவிடுவேன். கையைத் தூக்கித் தலை வாரக்கூட முடியாமல் போனபோது, புதுசு வாங்கியே ஆக வேண்டும் என்று நானே கூட்டிக்கொண்டு போனேன். ஒரு நாள் முழுக்கக் கடை கடையாக ஏறி இறங்கினோம். சில லேப்டாப் மெல்லிசாக இருக்கும், மதியத்துக்குள் சார்ஜ் போய்விடும். சிலதில் விசைகள் அப்பளம் மாதிரி நொறுங்கும் போலிருக்கும். சிலதில் வெளிச்சத்துக்குப் போனால் திரையில் நம் முகம்தான் தெரியும். கடைசியில் ஒன்றைக் கண்டுபிடித்தேன். உலோக உடம்பு, கையில் எடுத்தால் ஒரு தீபாவளி மலர் அளவு கனம். சார்ஜரே உள்ளங்கையில் அடங்கிவிட்டது.

கடைக்காரர் அதை அவள் பைக்குள் வைத்துத் தோளில் மாட்டிவிட்டார். "மேடம், இப்ப தூக்கிப் பாருங்க. காத்து மேடம், காத்து."

அவள் இரண்டு எட்டு நடந்து பார்த்துவிட்டுத் திரும்பினாள். "என்னங்க, உள்ள வச்சாரா இல்ல ஏமாத்துறாரா? ஒண்ணுமே தெரியல" என்று பையைத் திறந்து எட்டிப் பார்த்தாள். கடையே சிரித்தது. ரொம்ப நாளைக்கு அப்புறம் அவள் அப்படி என் பக்கத்தில் நின்று சிரித்தாள்.

அன்றைக்கு என் மனசில் எள்ளளவும் கெட்ட எண்ணம் இல்லை. அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

தோள் சரியானதும் பயணம் கூடியது. வலி இருக்கிறது என்று சொல்லி முன்பு இரண்டு ஊரைத் தள்ளிப்போடுவாள், இப்போது அந்தச் சாக்கும் போயிற்று. ஒரு தடவை எனக்கு முதுகு பிடித்துக்கொண்டு தரையில் படுத்தவன் படுத்தவன்தான், எழுந்திருக்க முடியவில்லை. என் போனில் வீடியோவில் வந்து, காலை மடக்குங்க, மூச்சை இழுங்க என்று சொல்லிக் கொடுத்தாள். லேப்டாப்பை ஏதோ ஆஸ்பத்திரி மேசையில் நிறுத்தி வைத்திருந்தாள். அவளுக்குப் பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. அவளும் அந்தப் பக்கம் திரும்பி ஒரு புன்னகை செய்துவிட்டு, "இருங்க, அஞ்சு நிமிஷத்துல கூப்பிடறேன்" என்றாள். கூப்பிட்டாள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு டம்ளர் தண்ணீரை வீடியோவில் கொடுக்க முடியாது இல்லையா. எங்களுக்குக் குழந்தையும் கிடையாது. எனக்கு வயிறு எரிந்தது, மேடம்.

மெல்லிய லேப்டாப்பில் ஒரு குறை உண்டு. அதைக் கடைக்காரன் சொல்ல மாட்டான், எனக்கும் அப்போது தோன்றவில்லை. கனமான லேப்டாப்பை யாரும் மறந்துவிட்டுப் போக மாட்டார்கள். பையைத் தூக்கினதுமே தோள் சொல்லிவிடும், ஏதோ குறைகிறது என்று. இதில் அந்தப் பேச்சே இல்லை. உள்ளே இருந்தாலும் இல்லாவிட்டாலும் பை ஒரே மாதிரிதான் இருக்கும்.

முதல் தடவை அவளாகத்தான் மறந்தாள். சோபாவில் சார்ஜ் போட்டிருந்தாள், மேலே செய்தித்தாள் விழுந்து மூடியிருந்தது. பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நான் செய்தித்தாளை எடுத்தபோது கண்ணில் பட்டது. ஜன்னலுக்கு ஓடினேன். கீழே டாக்சி நின்றுகொண்டிருந்தது, டிரைவர் அவள் பெட்டியைப் பின்னால் அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். நான் லேப்டாப்பை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். டாக்சி தெருமுனையில் திரும்புகிற வரைக்கும் பார்த்தேன். பிறகு செய்தித்தாளை முன்பிருந்த மாதிரியே அதன் மேல் விரித்துவிட்டு அலுவலகத்துக்குப் போனேன்.

விமான நிலையத்திலிருந்து அப்படியே திரும்பி வந்துவிட்டாள். அந்த ஆஸ்பத்திரிக்கு வேறொருவரை அனுப்பிவிட்டார்கள். சாயங்காலம் நான் வந்ததும் என் தோளில் சாய்ந்து அழுதாள். அந்த வாரம் முழுக்க வீட்டில் இருந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து சமைத்தோம், கடைக்குப் போனோம், பால்கனிச் செடிகளுக்குத் தொட்டி மாற்றினோம். ஒரு நாள் மடியில் தலை வைத்துத் தூங்கினாள். கல்யாணமான புதுசில் கூட எங்களுக்கு அப்படி ஒரு வாரம் வாய்த்ததில்லை.

இரண்டாம் தடவை நான் எடுத்தேன். அதற்குள் அவள் உஷாராகிவிட்டாள், கிளம்பும்போது பையைத் திறந்து பார்ப்பாள், கை விட்டுத் தடவிப் பார்ப்பாள். நான் என்ன செய்தேன், "கொடும்மா, பையை நான் தூக்கிட்டு வரேன், நீ செருப்பைப் போட்டுக்கோ" என்றேன். அவள் குனிந்து வாரை மாட்டிக்கொண்டிருந்த நேரம் போதும். லேப்டாப்பை உருவி வாசல் அலமாரிக்குள் வைத்துவிட்டு, டாக்சியில் ஏறிய பிறகு பையை மடியில் கொடுத்தேன். நல்லாப் போய்ட்டு வாம்மா என்று கையசைத்தேன். சாயங்காலம் அவள் வருவதற்குள் அதைக் குளியலறைத் துண்டுகளுக்கு அடியில் மாற்றிவிட்டேன். அங்கேதான் அவள் கண்டெடுத்தாள்.

"நான் பார்த்தேங்க. கையால தொட்டுப் பார்த்தேன்" என்றாள்.

"தொட்டிருப்பம்மா. அது போன வாரமா இருக்கும்" என்றேன்.

மேடம், நீங்கள் தட்டுவதை நிறுத்திவிட்டீர்கள். தண்ணீர் குடிக்க வேண்டுமானால் குடியுங்கள், நான் இருக்கிறேன்.

என் மாமியாரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அறுபது வயதுக்கு முன்பே மறதி நோய் வந்து படுத்தவர். மூக்குக் கண்ணாடியைச் சர்க்கரை டப்பாவில் போட்டு வைப்பார், செருப்பை ஃபிரிட்ஜில் வைப்பார். கடைசிக் காலத்தில் பெற்ற மகளைப் பார்த்து, நீ யாரும்மா, எந்த வீட்டுப் பொண்ணு என்று கேட்பார். என் மனைவிதான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டாள். அந்தப் பயம் அவள் அடிவயிற்றிலேயே உட்கார்ந்திருந்தது. எங்கேயாவது ஒரு பெயர் சட்டென்று ஞாபகம் வராவிட்டால் கூட முகம் வெளுத்துவிடும்.

அந்தச் சமயத்தில்தான் அவளுக்குப் பெரிய பதவி கொடுக்கிறோம் என்றார்கள். பாதி மாதத்துக்கு மேல் வெளியூர். அவளும் தலையை ஆட்டிவிட்டு வந்து, என்னைக் கேட்கிற மாதிரி கேட்டாள். நான் சந்தோஷம் என்றேன்.

மறுநாள் லேப்டாப்பை ஃபிரிட்ஜில் வைத்தேன், கீழ்த் தட்டில், காய்கறிக்கு அடியில். அது கொஞ்சம் அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஈரம் ஏறினால் லேப்டாப் கெட்டுவிடும், அதனால் பாலித்தீன் பையில் நன்றாகச் சுற்றித்தான் வைத்தேன். வீடு பூராவும் தேடிவிட்டு அவளேதான் கண்டுபிடித்தாள். கத்துவாள், அழுவாள் என்று நினைத்தேன். ஃபிரிட்ஜ் கதவைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அங்கிருந்தபடியே என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"பாருங்க, கவர்ல சுத்தித்தான் வச்சிருக்கேன். அந்த அளவுக்காவது எனக்குப் புத்தி இருந்திருக்கு" என்றாள்.

பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவிக் கொடுத்தேன். "நான் இருக்கேன்ல, எதுக்குப் பயப்படுற" என்றேன். அதில் ஒரு பொய் கூடக் கிடையாது.

டாக்டரிடம் கூட்டிப்போனேன். தலையை ஸ்கேன் எடுத்தார்கள், எண்களைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னார்கள், கடிகாரம் வரையச் சொன்னார்கள். எல்லாவற்றையும் கடகடவென்று செய்துவிட்டாள். டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, "டெஸ்ட்ல ஒண்ணும் தெரியல. ஆனா வீட்ல கூட இருக்கறவங்க சொல்றதுதான் எங்களுக்கு முக்கியம். நீங்க என்ன பார்க்கிறீங்க?" என்றார். பார்த்ததைச் சொன்னேன். குளியலறை, ஃபிரிட்ஜ், அதற்கப்புறம் அடுப்பு.

அடுப்பு என்றால், அவள் குளிக்கப் போகிற நேரத்தில் ஒரு பர்னரைச் சின்னதாக எரியவிட்டு, அவள் வந்ததும் "என்னம்மா, அடுப்பை அணைக்கலையா?" என்று கேட்பேன். அவ்வளவுதான். சில தடவைதான் செய்தேன். அப்புறம் நான் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை, அவளே பார்த்துக்கொண்டாள். அணைத்த அடுப்பைப் பத்து தரம் தொட்டுப் பார்ப்பாள். வராத கேஸ் வாசனை வருகிறது என்பாள். அலுவலகத்துக்குப் போன் போட்டு, "என்னங்க, நான் அணைச்சேனா?" என்பாள். அணைச்சம்மா, நான் பார்த்தேன் என்பேன். உடனே அடங்கிவிடுவாள். டாக்டர் கொடுத்த மாத்திரையில் கண் எப்போதும் சொக்கிப்போய் இருக்கும்.

வேலையை விட்டாள். நான் விடச் சொல்லவில்லை. அவளாகவே ஒரு நாள், "நான் ஏதாவது தப்பா செட் பண்ணி, ஒரு நோயாளிக்கு ரிசல்ட் மாறிப்போச்சுன்னா? எனக்கே என் மேல நம்பிக்கை இல்லங்க" என்றாள். அவள் முடிவு அது. பதவி, பயணம் எல்லாம் போயிற்று. சாயங்காலம் நான் வரும்போது கதவைத் திறந்துவிட ஆள் இருந்தது.

பிறகு எதற்கு நிறுத்தவில்லை என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. நிறுத்தினால் அவள் தேறிவிடுவாள் இல்லையா? தேறினால் மறுபடி பெட்டியைத் தூக்குவாள். அதனால் மாதத்துக்கு ஒன்றிரண்டு என்று வைத்துக்கொண்டேன். ஒரு சாவி, ஒரு மாத்திரைப் பட்டை, சில நேரம் அதே லேப்டாப். அளவு மீறியதில்லை.

குழப்பியது மைத்துனிதான். "அத்தான், அக்கா என்கிட்ட போன்ல பேசறப்போ எல்லாத்தையும் கரெக்டா சொல்றா. நான் சின்ன வயசுல போட்ட கவுன் கலர் கூட ஞாபகம் வச்சிருக்கா. உங்க வீட்ல வச்ச பொருளை மட்டும்தான் மறக்கிறா, அது என்ன கணக்கு?" என்று ஒரு நாள் முகத்துக்கு நேரே கேட்டாள். அக்காவைக் கூட்டிக்கொண்டு போய்த் தன் வீட்டில் ஒரு வாரம் வைத்துக்கொண்டாள். வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்ல முடியும்?

திரும்பி வந்தவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். செருப்பைக் கூடக் கழற்றாமல், "என்னங்க, ஒரு வாரமா எதுவுமே தொலையல. அடுப்பு, சாவி, எதுவுமே" என்றாள். மாத்திரையைத் தங்கை நிறுத்தச் சொல்லிவிட்டாளாம். பழைய மேலாளர் போன் செய்து, சும்மா வந்து ஒரு வாரம் உட்கார்ந்து பாரு என்றாராம். திங்கட்கிழமை போகப் போகிறாள். லேப்டாப்பை எடுத்துத் துடைத்து மேசையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னையும் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு கேள்வி இருந்தது. இன்னும் கேள்வியாக உருவாகவில்லை, ஆனால் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை எனக்குக் காப்பி போடச் சமையலறைக்குள் போனேன். கேஸ் வாசனை வந்தது. நிஜமான வாசனை. அடுப்புக்குப் போகிற ரப்பர் குழாயில் வெடிப்பு விட்டிருந்தது, விரலால் தடவினால் தெரிந்தது. சிலிண்டரில் கேஸை மூடிவிட்டு, சாயங்காலம் வரும்போது ஆளைக் கூட்டிவந்து மாற்றிக்கொள்ளலாம் என்று அலுவலகத்துக்குக் கிளம்பினேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பிச் சொல்லலாம் என்றுதான் படுக்கையறை வாசல் வரை போனேன். குழாயை நான் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும், வாசனை வரத்தான் செய்கிறது என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் போய்விட்டேன்.

மதியத்துக்கு முன்பு அவளிடமிருந்து போன் வந்தது. நீங்கள் கேட்கிற போன் அதுதான். சமைக்கலாம் என்று கேஸைத் திறந்திருக்கிறாள்.

"என்னங்க, கிச்சன்ல கேஸ் வாசனை வர்ற மாதிரி இருக்கு. நிஜமாவே வருதா, எனக்குத்தான் தோணுதான்னு தெரியல. ஜன்னலைத் திறந்துட்டு வெளிய போய் நிக்கட்டுமா?"

யோசித்தேன். ஆமாம், வெளியே போ என்று சொன்னால் போவாள். ஆள் வருவான், குழாயைக் காட்டுவான். அவள் மூக்கு சொன்னது சரி என்று ஆகிவிடும். இது சரி என்றால் மற்றதெல்லாம்? கையால் தொட்டுப் பார்த்தேன் என்றாளே, அது? அவள் கெட்டிக்காரி, கூட்டிக் கழித்துப் பார்க்க ஒரு சாயங்காலம் போதும். திங்கட்கிழமை பெட்டியோடு போகிறவள் திரும்பி என் வாசலை மிதிக்க மாட்டாள். வரிசையாக எல்லாவற்றையும் யோசித்தேன், அவசரப்படவில்லை.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. காலையில நான் பார்த்துட்டுத்தான் வந்தேன். உனக்குத் தோணுது. மாத்திரையை நிறுத்தினேல்ல, அதான். சூடா ஒரு டீ போட்டுக் குடி, சரியாயிடும்" என்றேன்.

"அப்படியா? நீங்க பார்த்தீங்கன்னா சரிங்க" என்றாள்.

சத்தம் நாலாவது தெருவரைக்கும் கேட்டதாம். நான் போய்ச் சேர்ந்தபோது ஆம்புலன்சில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கூடவே ஏறினேன். கையைப் பிடிக்கக் கூட அவளிடம் தீ படாத இடம் இல்லை. உதடு அசைந்தது, குனிந்து கேட்டேன். "சாரிங்க. நான்தான் எதையோ திறந்து வச்சுட்டேன் போல" என்றாள். பரவாயில்லம்மா, விடு என்றேன். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் போய்விட்டாள்.

தெரிந்தேதான் சொன்னீர்களா என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். தெரிந்தேதான் சொன்னேன். குழாயில் வெடிப்பு இருந்தது தெரியும், அடுப்பைப் பற்றவைப்பாள் என்று தெரியும், என்ன ஆகும் என்றும் தெரியும். தட்டிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் நாங்கள் எப்படி வாழ்ந்தோம் என்பதையும் சேர்த்துத் தட்டுங்கள். வீடு முழுக்கக் கேஸ் வாசனை அடிக்கிறது, அதன் நடுவில் நிற்கிறாள், தன் மூக்கை நம்பவில்லை, நான் சொன்னதைத்தான் நம்பினாள். எத்தனை புருஷனுக்கு அப்படி ஒரு பெண்டாட்டி அமையும், நீங்களே சொல்லுங்கள்.